ஒன்பது பேர் ஆடும் அணி: காயங்கள் நிறைந்த ஒரு சீசனில் கற்றது

கூடைப்பந்து ஆட்டத்தில் கடிகாரம் 40 நிமிடம் ஓடுகிறது. களத்தில் ஒரே நேரத்தில் ஐந்து பேர். ஆக, ஒவ்வோர் ஆட்டத்திலும் ஓர் அணி தன் ஆட்டக்காரர்களுக்குப் பங்கிட வேண்டியவை 200 நிமிடங்கள். நான் உதவிப் பயிற்சியாளராக இருக்கும் கல்லூரி மகளிர் அணியில் அவற்றில் பெரும்பகுதி ஆறு பேரிடமே இருந்தது. முதல் ஐவர், கூடவே ஆறாவதாக ஒருத்தி. பட்டியலில் பன்னிரண்டு பெயர்கள் இருந்தாலும் மற்ற ஆறு பேரும் ஆட்டம் எங்கள் கைக்கு வந்துவிட்ட பிறகோ, கைநழுவிப் போன பிறகோதான் இறங்குவார்கள். அந்த நிமிடங்களில் யாரும் எதையும் கற்றுக்கொள்வதில்லை. எதிரணியும் தன் கடைசி வரிசையை இறக்கியிருக்கும். பார்வையாளர்கள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போய்க்கொண்டிருப்பார்கள்.

சீசன் தொடங்கிய சில நாட்களிலேயே பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்தும் எங்கள் பாயின்ட் கார்டின் முழங்கால் போனது. யாரும் இடிக்கவில்லை. வேகமாக வந்தவள் சட்டென்று நின்று திசை மாறினாள்; முழங்கால் உள்பக்கமாக மடங்கியது. ஏ.சி.எல். என்று சுருக்கமாகச் சொல்லும் தசைநார் கிழிந்திருப்பதை ஸ்கேன் காட்டியது. அறுவை சிகிச்சை, அதன் பின் ஒன்பது மாதத்துக்குக் குறையாத மீட்புப் பயிற்சி. அந்த சீசன் அவளுக்கு அத்தோடு முடிந்தது. சில வாரம் கழித்து, ரிபவுண்டுக்கு, அதாவது கூடையில் விழாமல் திரும்பும் பந்துக்கு, எம்பிய எங்கள் சென்டர் (கூடைக்கு அருகே ஆடும் உயரமானவள்) இன்னொருத்தியின் பாதத்தின் மேல் இறங்கினாள். கணுக்கால் சுளுக்கு, கூடைப்பந்தில் மிக அதிகமாக வரும் காயம். அவள் திரும்பி வருவாள், ஆனால் உடனே வரமாட்டாள் என்றார் பிசியோதெரபிஸ்ட்.

காயத்தை நல்ல செய்தி என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி கட்டுப்போட்ட காலோடு மைதானத்தின் ஓரம் உட்கார்ந்து அழுவதைப் பார்த்தவர் யாரும் அப்படிச் சொல்லமாட்டார். ஆனால் அந்த சீசனின் முடிவில் எங்களிடம் இருந்த அணி, தொடக்கத்தில் இருந்ததைவிடப் பலமான அணி. அது தானாக நடக்கவில்லை. காயம் நிமிடங்களைக் காலி செய்யும். அவ்வளவுதான் அது செய்யும். காலியான இடத்தை எப்படி நிரப்புகிறோம் என்பதில்தான் மற்ற எல்லாமே இருக்கிறது.

முதலில் வரும் தூண்டுதல் ஆபத்தானது. ஒருத்தி விழுந்ததும் பயிற்சியாளரின் கை நம்பிக்கையானவர்களை நோக்கியே போகும். மிஞ்சியிருக்கும் நால்வரை இன்னும் அதிக நேரம் ஆடவிடுவோம், எப்படியாவது சமாளிப்போம் என்று தோன்றும். அப்படிச் செய்தால் 30 நிமிடம் ஆடியவள் 38 நிமிடம் ஆடுவாள். கடைசி கால் பகுதியில் அவளுடைய ஜம்ப் ஷாட் வளையத்தின் முன்பக்கத்தில் பட்டுத் திரும்பும். கால் சோர்ந்துவிட்டது என்பதற்கு அதைவிடத் தெளிவான அடையாளம் இல்லை. சோர்ந்த கால் அடுத்த காயத்தை அழைத்து வரும். ஆகவே எங்கள் தலைமைப் பயிற்சியாளர் எடுத்த முதல் முடிவு, பார்ப்பவர்களுக்கு விசித்திரமாகத் தெரிந்திருக்கும்: ஆள் குறைந்த நேரத்தில் களமிறங்குபவர்களின் எண்ணிக்கையைக் கூட்டினார். ஆறு பேர் ஆடிய அணி ஒன்பது பேர் ஆடும் அணியானது. முதல் பாதி முடிவதற்குள் ஒன்பது பேரும் ஒருமுறையாவது இறங்கியிருக்க வேண்டும் என்பது விதி. எதிரில் யார், புள்ளி வித்தியாசம் என்ன என்று பார்த்து அந்த விதியை மாற்றக்கூடாது என்பதில் அவர் உறுதியாக இருந்தார்.

அடுத்தடுத்துத் தோற்றோம். இதை மறைத்துச் சொல்வதில் பயனில்லை. இந்த வழியில் போக நினைப்பவர்கள் தோல்விக்கும், கல்லூரி நிர்வாகம் கேட்கும் கேள்விகளுக்கும் முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டும்.

பாயின்ட் கார்டின் இடத்துக்கு வந்தவள் இரண்டாம் ஆண்டு மாணவி. அதுவரை பயிற்சியில் அவளுடைய வேலை எதிரணியாக நடிப்பது. முதல் ஐவர் ஒத்திகை பார்க்கும்போது அவர்களைத் தடுத்து ஆடுபவள் அவள்தான். எங்கள் ஆட்ட அமைப்புகள் எல்லாவற்றையும் எதிர்ப்பக்கத்திலிருந்தே அறிந்திருந்தாள். யார் எங்கே வெட்டி ஓடுவார்கள், ஸ்கிரீன், அதாவது தடுப்பவரை மறித்து நிற்கும் ஆள், எங்கே வரும் என்பது அவளுக்கு மனப்பாடம். ஆனால் அதைக் குரல் கொடுத்து நடத்த வரவில்லை. மூத்தவர்களைப் பார்த்து "இங்கே வா, அங்கே போ" என்று சொல்லக் கூசினாள். முதல் ஆட்டத்தில் அவள் சைகை காட்டியதை இருவர் மட்டுமே கவனித்தார்கள். மற்ற இருவரும் வேறோர் அமைப்பை ஆடிக்கொண்டிருந்தார்கள்.

அவளைத் திட்டியோ தட்டிக்கொடுத்தோ இதைச் சரிசெய்ய முடியாது. வேலையைச் சிறிதாக்கினோம். நீண்டு கிடந்த அமைப்புகளின் பட்டியலை மூன்றாகச் சுருக்கினோம். அவளிடம் சொன்னது இவ்வளவுதான்: எட்டு விநாடிக்குள் பந்தை நடுக்கோட்டைத் தாண்டிக் கொண்டுவா, பக்கவாட்டில் இருப்பவளிடம் கொடு, மூலைக்கு ஓடு. புள்ளி எடுப்பது உன் பொறுப்பில்லை. புதிதாக இறங்கும் மாற்று ஆட்டக்காரரிடம், விழுந்தவள் செய்த எல்லாவற்றையும் செய் என்று கேட்பதே அவரை உடைப்பதற்கு எளிய வழி. விழுந்தவள் மூன்று ஆண்டுகளில் கற்றதை இவள் மூன்று நாளில் செய்யமாட்டாள். இவளால் இன்றைக்கே நன்றாகச் செய்யக்கூடியது எது என்று கண்டுபிடித்து, அதை மட்டும் கேட்க வேண்டும்.

அளவுகோலையும் மாற்றினோம். பெஞ்சிலிருந்து இறங்குபவர்களை அவர்கள் எடுத்த புள்ளிகளை வைத்து எடைபோட்டால் ஒவ்வொருத்தியும் இறங்கியதும் அவசரமாக எறிவாள். எடுத்துவிட்டால் தப்பித்தேன், இல்லையென்றால் மீண்டும் பெஞ்ச் என்று நினைப்பாள். நாங்கள் வைத்த இலக்கு வேறு. நீங்கள் இறங்கும்போது வித்தியாசம் என்னவோ, வெளியே வரும்போதும் கிட்டத்தட்ட அதே இருக்கட்டும். நான்கு நிமிடம் ஆடி வித்தியாசம் இரண்டு புள்ளிக்கு மேல் விழாமல் பார்த்துக்கொண்டால் அது வெற்றி. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் அந்த எண்ணை நான் ஒரு தாளில் குறித்தேன், ஆட்டம் முடிந்ததும் அவர்களுக்குக் காட்டினேன். புள்ளியே எடுக்காதவள், தான் ஆடிய நேரத்தில் அணி முன்னேறியிருப்பதைத் தாளில் பார்த்தபோது அவள் முகத்தில் வந்த மாற்றத்தை எந்தப் பாராட்டும் கொண்டுவந்திருக்காது.

எங்கள் பாயின்ட் கார்டு இல்லை என்பது தெரிந்ததும் எல்லா அணிகளும் முழுக்களத் தடுப்பைக் கையில் எடுத்தன. பந்து உள்ளே வந்த மறுகணமே இருவர் பாய்ந்து வந்து இரண்டாம் ஆண்டு மாணவியை ஓரக்கோட்டில் அடைத்தார்கள். ஒரு ஆட்டத்தில் தொடர்ந்து பந்தைப் பறிகொடுத்தோம். அப்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாயின்ட் கார்டு, ஊன்றுகோலைத் தள்ளி வைத்துவிட்டு, டைம் அவுட்டில் அவளை அழைத்தாள்.

"அக்கா, வலது பக்கம் போனால் இரண்டு பேர் வருகிறார்கள்."

"வரட்டும். வந்த பிறகு யாரிடம் கொடுப்பது என்று தேடாதே. அவர்கள் கிளம்பும்போதே கொடுத்துவிடு. இரண்டு பேர் உன்னிடம் வந்தால் நம்மில் ஒருத்தி சும்மா நிற்கிறாள் என்று அர்த்தம்."

நானும் இதையே வேறு சொற்களில் பலமுறை சொல்லியிருந்தேன். ஆனால் அதே இடத்தில் அதே இருவரிடம் மாட்டித் தப்பித்தவள் சொன்னபோதுதான் அது பதிந்தது. அன்றிலிருந்து காயம்பட்டவளுக்கு ஒரு வேலை கொடுத்தோம். ஆட்டத்தின்போது அவள் நாற்காலி எங்களுக்கும் மாற்று ஆட்டக்காரர்களுக்கும் நடுவில் இருக்கும். வெளியே வருபவளிடம் அவள் ஒரே ஒரு விஷயம் சொல்ல வேண்டும், இரண்டாவது கூடாது. இதனால் அவளுக்கும் பயன் இருந்தது. நீண்ட காலம் ஆட முடியாதவர்களை வதைப்பது வலியைவிட அதிகமாக, அணிக்கு இனி தான் வேண்டாதவள் என்ற எண்ணம். அந்த எண்ணத்துக்கு இடம் கொடுக்காமல் இருக்க, அவளுடைய அறிவு அணிக்கு உண்மையிலேயே தேவைப்பட வேண்டும். பெயருக்கு ஒரு பொறுப்பைக் கொடுத்தால் எந்த ஆட்டக்காரரும் கண்டுபிடித்துவிடுவார்.

முழுக்களத் தடுப்புக்கு இன்னொரு விடையும் கிடைத்தது. பந்தை மேலே கொண்டுவரும் வேலையை ஒருத்தியிடமிருந்து எடுத்து மூவருக்குப் பகிர்ந்தோம். அதுவரை மூலையில் நின்று எறிவது மட்டுமே தன் வேலை என்றிருந்த ஃபார்வர்டு, பயிற்சியின் முதல் பகுதி முழுவதும் இருவர் தடுக்க இடது கையால் பந்தைத் தரையில் தட்டியபடி ஓடினாள். முதல் வாரம் பந்து அவள் காலில் பட்டு ஓடியபடியே இருந்தது. சீசன் முடிவதற்குள் எங்களை அந்த முறையில் தடுப்பதைப் பல அணிகள் கைவிட்டுவிட்டன. பாயின்ட் கார்டு நலமாக இருந்திருந்தால் ஃபார்வர்டின் இடது கையைப் பற்றி யாரும் யோசித்திருக்கவே மாட்டோம்.

சென்டர் இல்லாத வாரங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். உயரமான மாற்று எங்களிடம் இல்லை. எனவே ஐந்து பேரையும் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே நிறுத்தி ஆடினோம். எதிரணியின் உயரமானவள் கூடைக்கு அடியிலிருந்து வெளியே வரவேண்டியதாயிற்று. உள்ளே வெட்டி ஓடுவதற்கு வழி திறந்தது. தற்காப்பில் உயரம் குறைந்த கார்டுகள் உட்பட ஐவரும் ஆளை முதுகால் மறித்த பிறகே பந்தைப் பார்க்க வேண்டும் என்று பழக்கினோம். சென்டர் வந்த பிறகும் இந்த அமைப்பு எங்களிடம் தங்கிவிட்டது. ஃபவுலில் அவள் சிக்கிக்கொள்ளும் நாட்களில் அது கைகொடுத்தது. ஐந்து ஃபவுலில் ஆட்டக்காரர் வெளியேற வேண்டிய விளையாட்டில், ஆடத் தெரிந்த ஒன்பது பேர் இருப்பதன் அருமை மூன்றாம் கால் பகுதியில்தான் தெரியும்.

அந்த நாட்களில் நான் மாணவிகளிடம் அடிக்கடி சொன்னது 2013ஆம் ஆண்டு அமெரிக்கக் கல்லூரிப் போட்டியில் லூயிவில் அணிக்கு நடந்தது. காலிறுதிக்கு நிகரான ஆட்டத்தில் டியூக் அணிக்கு எதிராக கெவின் வேர் என்ற மாற்று கார்டின் கால் எலும்பு முறிந்தது. அடுத்த ஆட்டத்தில், விச்சிடா ஸ்டேட் அணியிடம் இரண்டாம் பாதியில் 12 புள்ளிகள் பின்தங்கியிருந்தபோது, உதவித்தொகை இல்லாமல் அணியில் சேர்ந்திருந்த டிம் ஹென்டர்சன் மூன்று புள்ளி எறிகள் இரண்டை அடுத்தடுத்து உள்ளே போட்டார். ஆட்டம் திரும்பியது, லூயிவில் 72-68 என்று வென்றது. இறுதியாட்டத்தில் பெஞ்சிலிருந்து வந்த லூக் ஹான்காக் 22 புள்ளிகள் எடுத்தார். அணியின் நடத்தை தொடர்பான வேறொரு விவகாரத்தில் அந்தப் பட்டம் 2018இல் பறிக்கப்பட்டது. அது தனிக் கதை. எங்கள் மாணவிகளுக்கு நான் காட்ட நினைத்தது ஹென்டர்சனின் பாதங்களை. பந்து வருவதற்கு முன்பே அவை கூடையை நோக்கித் திரும்பித் தயாராக இருந்தன. ஒரு சீசன் முழுவதும் பெஞ்சில் இருந்தாலும், பயிற்சியில் தினமும் அதே எறியை முழு மனதோடு எறிந்தவருக்குத்தான் அப்படி நிற்க வரும்.

அமெரிக்காவின் கனெக்டிகட் பல்கலைக்கழக மகளிர் அணியின் சில ஆண்டுகள் இன்னும் முழுமையான பாடம். 2021 டிசம்பரில் அதன் நட்சத்திரம் பேஜ் பெக்கர்ஸ் முழங்காலில் காயப்பட்டார். அடுத்த ஆட்டத்திலேயே ஜார்ஜியா டெக் அணியிடம் தோற்றார்கள். ஆனாலும் அந்த சீசனில் இறுதியாட்டம் வரை போனார்கள். 2022 ஆகஸ்டில் அவருடைய ஏ.சி.எல். கிழிந்தது, அடுத்த சீசன் முழுவதும் அவர் ஆடவில்லை. 2023 ஜனவரியில் ஆடத் தகுதியான வீராங்கனைகள் ஏழு பேர்கூட இல்லாததால் ஓர் ஆட்டத்தையே தள்ளிவைக்க வேண்டியிருந்தது. தொடர்ந்து நடந்த 14 தேசியப் போட்டிகளில் அரையிறுதிக்குப் போன அணி அந்த முறை போகவில்லை. அதற்கடுத்த சீசனில் பெக்கர்ஸ் திரும்பினார், ஆனால் அஸி ஃபட் உட்படப் பலர் காயத்தால் வெளியேறினார்கள். முதலாம் ஆண்டு மாணவிகளான கேகே அர்னால்டும் ஆஷ்லின் ஷேடும் அந்த நிமிடங்களைச் சுமந்தார்கள். அணி அரையிறுதியில் அயோவாவிடம் 71-69 என்று தோற்றது. 2025இல் பெக்கர்ஸும் ஃபட்டும் சேர்ந்து ஆட, சவுத் கரோலினாவை 82-59 என்று வென்று பட்டம் எடுத்தார்கள். சாரா ஸ்ட்ராங் போன்ற புதிய வரவுகளுக்கும் அதில் பெரிய பங்கு உண்டு. ஆனால் நெருக்கடியான ஆட்டங்களில் ஏற்கெனவே நின்று பழகியவர்கள் அந்த அணியில் நிறையப் பேர் இருந்தார்கள் என்பதை அவர்களின் ஆட்டத்தைப் பார்த்தவர்கள் மறுக்கமாட்டார்கள்.

இந்தக் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது காலம். தாமதமாக வரும் காயம் எதையும் வளர்ப்பதில்லை. 1998இல் முதல்நிலை அணியான ஸ்டான்ஃபோர்டு மகளிர், தேசியப் போட்டி தொடங்கும் தறுவாயில் இரண்டு முக்கிய வீராங்கனைகளை முழங்கால் காயத்துக்கு இழந்தார்கள். அதே பிரிவில் பதினாறாம், அதாவது கடைசி நிலையில் இருந்த ஹார்வர்டிடம் 71-67 என்று தோற்றார்கள். 2018இல் வர்ஜீனியா ஆடவர் அணிக்கும் ஏறத்தாழ அதுவே நடந்தது. டிஆண்ட்ரே ஹன்டரின் மணிக்கட்டு முறிந்த சில நாட்களில், பதினாறாம் நிலை அணியிடம் 20 புள்ளி வித்தியாசத்தில் வீழ்ந்தார்கள். மாற்று ஆட்டக்காரருக்குத் தேவை தோற்பதற்கான அவகாசம். அது சீசனின் முன்பகுதியில் மட்டுமே கிடைக்கும். எனவேதான் சிறு காயத்தோடு தொடக்கத்தில் ஆட வற்புறுத்தும் பயிற்சியாளர்களை என்னால் ஏற்க முடிவதில்லை. காயம்பட்டவளுக்கும் கெடுதல்; பின்னால் நிற்பவளின் பள்ளிக்கூடத்தையும் மூடிவிடுகிறார்கள்.

கடினமான பகுதி சென்டர் திரும்பி வந்தபோதுதான் தொடங்கியது. அவள் இல்லாத நேரத்தில் உழைத்தவர்களிடம் நன்றி சொல்லிவிட்டுப் பழைய இடத்தில் உட்காரவைப்பது எல்லா அணிகளிலும் நடப்பது. வளர்ந்த பலம் அத்தனையும் அந்த ஒரு வாரத்தில் வீணாகும். பிசியோதெரபிஸ்ட் அவளுக்கு முதலில் ஆட்டத்துக்குப் பத்து நிமிடம்தான் அனுமதித்தார். அந்தக் கட்டுப்பாடு எங்களுக்கு வசதியாகவே அமைந்தது. அவள் பெஞ்சிலிருந்து இறங்கினாள். முழு நலம் பெற்று முதல் ஐவரில் சேர்ந்த பிறகும் பழைய நிமிடங்கள் முழுவதையும் அவளுக்குத் திருப்பித் தரவில்லை. அவளுக்கு வருத்தம் இருந்தது. தலைமைப் பயிற்சியாளர் அவளைத் தனியே அழைத்து நேராகச் சொன்னார்: "நீ 34 நிமிடம் ஆடி கடைசி நிமிடத்தில் எம்ப முடியாமல் நிற்பதைவிட, 26 நிமிடம் ஆடி கடைசி ரிபவுண்டை எடுப்பதுதான் எனக்கு வேண்டும்." அவள் உடனே ஏற்றுக்கொண்டதாகச் சொல்லமாட்டேன். சில ஆட்டங்களில் நான்காம் கால் பகுதியில் தன் கால்கள் எவ்வளவு இலேசாக இருக்கின்றன என்று அவளே உணர்ந்த பிறகுதான் அந்தப் பேச்சு முடிந்தது.

எல்லா அணிகளும் கவனிக்க வேண்டிய ஒன்று இதில் ஒளிந்திருக்கிறது. பெஞ்சிலிருந்து மேலே வந்தவள், கிடைத்த இடத்தை இழக்கப் பயந்து தன் வலியை மறைப்பாள். எங்களில் ஒருத்தி கீழ்க்கால் எலும்பு வலியோடு வாரக்கணக்கில் ஆடிக்கொண்டிருந்தாள். மாடியிலிருந்து அவள் ஒவ்வொரு படியாகப் பக்கவாட்டில் இறங்குவதைப் பார்த்து விசாரித்தபோதுதான் தெரிந்தது. "சொன்னால் வேறு யாரையாவது இறக்கிவிடுவீர்கள் என்று பயம், மேடம்" என்றாள். அவள் பயந்ததில் நியாயம் இருந்தது. இடம் அப்படித்தானே அவளுக்கே கிடைத்தது? அதன்பின் எல்லோர் முன்னிலையிலும் ஒரு உறுதி கொடுத்தோம். வலியைத் தானாக வந்து சொல்பவளுக்கு, குணமாகி வந்ததும் குறைந்தது இரண்டு ஆட்டங்களில் பழைய நிமிடங்கள் நிச்சயம். சொன்னபடி அவளிடமிருந்தே தொடங்கினோம். அதற்கு அடுத்த வாரமே இன்னும் இருவர் வந்து தங்கள் சிறு வலிகளைச் சொன்னார்கள்.

இப்போது புதிய சீசன். பாயின்ட் கார்டு திரும்பிவிட்டாள். இரண்டாம் ஆண்டு மாணவி மூன்றாம் ஆண்டுக்கு வந்து அவளோடு சேர்ந்தே ஆடுகிறாள். யாருக்கும் காயம் இல்லை. ஆனாலும் வாரத்தில் ஒரு நாள், பயிற்சி ஆட்டம் தொடங்கும் முன் முதல் ஐவரின் பெயர்களைச் சீட்டில் எழுதிக் குலுக்கி ஒன்றை எடுக்கிறோம். பெயர் வந்தவள் அன்று ஆடமாட்டாள். நாற்காலியில் உட்கார்ந்து, தன் இடத்தில் ஆடுபவளுக்கு வழிகாட்ட வேண்டும். தனக்கு வரும்போது ஒவ்வொருத்தியும் முகம் சுளிக்கிறாள். போன வாரம் சீட்டு ஃபார்வர்டுக்கு விழுந்தது. அவள் இடத்தில் இறங்கிய முதலாம் ஆண்டு மாணவி பந்தை வலது கையால் மட்டுமே கொண்டுவருவதைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, நாற்காலியிலிருந்து எழுந்து, "நாளைக்கு அரை மணி நேரம் முன்னால் வா, இடது கைக்கு நான் கற்றுத்தருகிறேன்" என்றாள்.